தொடட்டுமா?

அவள் முகம் எனக்கு மங்கிக்கொண்டு வருகிறது. இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு இருந்ததா, வலது புருவத்துக்கு மேலா என்று கேட்டால் இப்போது அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

"பெரியம்மா, கையைத் தொடப் போறேன். தொடட்டுமா?"

கேட்டுவிட்டு நிற்பாள். அப்படி நிற்பதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கும். நான் முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவள். கேள்வி கேட்டால் பதில் உடனே வர வேண்டும், வராவிட்டால் அடுத்த பிள்ளையை எழுப்பிவிடுவேன். அவள் பதில் வராத இடத்தில்தான் நிற்பாள். என் அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள், இவள் கட்டிலுக்கு ஒரு கை தூரத்தில் நிற்பாள். கடைசியில் அம்மா ஒரு "ம்" சொல்வாள், அல்லது விரலை அசைப்பாள். அதற்குப் பிறகுதான் தொடுவாள்.

அவளுக்குப் பெயர் உண்டு. சொல்லப் போவதில்லை. இன்னமும் வீடுகளில் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில்தான் இருப்பாள். புகார் சொல்லுகிறவள் என்று தெரிந்துவிட்டால் அந்த வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரர்கள் யாரும் கூப்பிட மாட்டார்கள். எங்கள் வீட்டில் அவளை ராதாபுரத்தா என்றே சொன்னோம். அவள் அங்கேயிருந்து வந்தவள்.

கல்லிடைக்குறிச்சி வீட்டில் அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோது எனக்கு ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் பாக்கி. பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடம், மாடி வீடு. "நான் இந்த ஊரைவிட்டு வரமாட்டேன்" என்று அம்மா ஒரே பிடியாகச் சொல்லிவிட்டாள். ஞாபகமும் அப்போதே தப்ப ஆரம்பித்திருந்தது. தம்பி அமெரிக்காவில். ஆகவே ஏஜென்சியில் சொல்லி இரண்டு பேரை வைத்தோம். வீட்டோடு தங்க வேண்டும், பதினைந்து நாள் இவள், பதினைந்து நாள் இன்னொருத்தி. நான் சனிக்கிழமை சாயங்காலம் ரயிலில் வந்து ஞாயிறு இருந்துவிட்டுப் போவேன்.

முதல் ஞாயிறே அவளுடைய 'தொடட்டுமா'வைக் கேட்டுவிட்டு நான் பெரிய மனசு பண்ணினேன். நாங்கள் அக்ரஹாரத்துக்காரர்கள் என்பதால் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். "இதோ பாரும்மா, அதெல்லாம் அந்தக் காலம். நாங்க ஒண்ணும் பார்க்கறதில்லே. நீ தாராளமாத் தொடலாம்" என்றேன். என் பெருந்தன்மையில் எனக்கே ஒரு சந்தோஷம்.

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"நீங்க சொல்லி என்ன டீச்சர்? கை அவியளுதுல்லா."

கணக்கு டீச்சரிடம் கணக்கைத் திருத்திக் கொடுத்த மாதிரி ஆயிற்று. "அவளுக்கு ஒண்ணும் புரியாது, நீ பாட்டுக்குத் தூக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். பின்னாலேயே குரல் வந்தது.

"அவியளுக்குப் புரியாட்டாலும் எனக்குப் புரியணும்லா, ஒரு மனுசியத் தொடுதேன்னு."

எங்களுக்கு வருவதற்கு முன்னால் அவள் ஏரலில் ஒரு கடைக்கார அண்ணாச்சியை இரண்டு வருஷம் பார்த்தாளாம். பக்கவாதம். பேச்சு கிடையாது, கண் மட்டும் திறக்கும். அவரிடமும் ஒவ்வொரு தடவையும் கேட்பாளாம். மகன்கள் கேலி செய்வார்களாம். "ஏலே, அப்பாகிட்ட அப்ளிகேசன் போட்டுட்டுத்தான் துடைப்பாவளாம்லே" என்று. ஆறு மாசம் கழித்து ஒருநாள் அண்ணாச்சி கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தாராம். அதுதான் சரி என்பதற்கு அடையாளம் என்று இரண்டு பேருக்கும் ஆகிவிட்டது. வேண்டாம் என்றால் மூடவே மாட்டார், முறைத்துக்கொண்டே இருப்பாராம்.

"செத்த அன்னைக்கும் கேட்டேன் டீச்சர். குளிப்பாட்டணும்லா. அண்ணாச்சி, கடைசியாத் தொடுதேன், தொடட்டுமான்னேன். எல்லாவனும் சிரிச்சானுவ."

"செத்தவர்கிட்ட எதுக்கும்மா?"

"இத்தன நாளும் கேட்டுட்டு அன்னைக்கு மட்டும் கேக்காமத் தொட்டா, இத்தன நாளும் நடிச்சேன்னுலா ஆயிரும்."

ராதாபுரத்திலிருந்து வரும்போது ஓலைப்பெட்டியில் கருப்பட்டி கொண்டுவருவாள். வெளி மனுஷர் கொடுத்த எதையும் வாயில் வைக்காத என் அம்மா, அந்தக் கருப்பட்டித் துண்டைச் சப்பிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். ராதாபுரத்தா மணிக்கு ஒரு தரம் தண்ணீர் கொடுப்பாள். "எங்க ஊர்ல காத்து உண்டு பெரியம்மா, கரண்டு எடுக்குத காத்தாடி உண்டு, தண்ணிதான் இல்ல. நீங்க ஆத்தங்கரையில இருந்துகிட்டுத் தவிக்கலாமா? பைய குடிங்க" என்று டம்ளரைப் பிடித்துக்கொள்வாள். தண்ணீர் குடித்தால் துணி நனையும், மாற்ற வேண்டும். மாற்றுவாள். அதற்கும் ஒரு 'தொடட்டுமா'.

இன்னொருத்தியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவளை எல்லாரும் 'சிஸ்டர்' என்போம். நர்ஸுக்குப் படித்தவள் இல்லை, ஆனால் படித்த மாதிரி இருப்பாள். மடிப்புக் கலையாத சேலை, அதில் வரிசையாகப் பின் குத்தியிருக்கும். பத்து நாளில் எங்கள் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். "மாமிக்குத் தீர்த்தம் கொடுத்தாச்சு", "மாமி சித்த கண்ணசந்துட்டா" என்று போனில் அவள் சொல்லும்போது எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். தினமும் காலையில் வாட்ஸப்பில் படம் வரும். அம்மா தலைவாரி, விபூதி இட்டு, கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருப்பாள். தம்பி அங்கேயிருந்து கைகூப்புகிற பொம்மை போடுவான். ராதாபுரத்தா படமே அனுப்ப மாட்டாள். கேட்டால், "பெரியம்மாகிட்ட கேட்டேன், வேண்டாம்னுட்டாவ" என்பாள். எங்களுக்கு யாரைப் பிடித்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

அந்த சமயத்தில்தான் அம்மா "தொடாதே" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

எனக்கு அது புதுச் சொல்லே இல்லை. நான் அந்தச் சொல்லில்தான் வளர்ந்தேன். பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்தால், "தொடாதே! மடி!" சமையல் முடிந்து சாமிக்குக் காட்டும்வரை அம்மாவை யாரும் தொடக்கூடாது. அவளுடைய மடிப்புடவை உயரத்தில் கொடியில் காயும், குச்சியால் எடுப்பாள். பெற்ற பெண் தொட்டுவிட்டால்கூட மறுபடி முழுகிவிட்டு வருவாள். ஆகவே படுக்கையில் கிடந்துகொண்டு "தொடாதேடி, தொடாதே" என்று அம்மா கையை இழுத்துக்கொண்டபோது நாங்கள் எல்லாரும் சிரித்தோம். தம்பியிடம் போனில் சொன்னேன், "எல்லாம் மறந்துபோச்சுடா, மடி மட்டும் மறக்கலை." அவனும் சிரித்தான். சிஸ்டர், "ஆமாம், மாமி ரொம்ப ஆசாரம்" என்றாள்.

சிரித்தோம் என்பதை நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

சிரிக்காதவள் ராதாபுரத்தா ஒருத்திதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்காருகிறவள் இல்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுமா? மடின்னா மூணு நாள்ல தீருமா?"

"என்ன உளர்றே?"

"நான் வந்து இறங்குத அன்னைக்குத் தொடாதேங்காவ. ரெண்டாம் நாளும் சொல்லுதாவ. மூணாம் நாள்ல இருந்து சொல்ல மாட்டக்காவ. போன தடவையும் அப்படித்தான், அதுக்கு முந்துன தடவையும் அப்படித்தான். அந்த சிஸ்டரு பாத்துட்டுப் போனதுக்குப் பொறவுதான் இது."

நான் கத்தியை நிறுத்தவில்லை.

"இன்னொண்ணு. மடிக்காரவியளத் தொட்டுட்டா உடனே குளிக்கணும்பாவல்லா? பெரியம்மா தொடாதேங்காவ, குளிக்கக் கூப்பிட்டா நடுங்குதாவ. அது என்ன மடி?"

அப்புறம் அம்மாவின் மணிக்கட்டைப் பற்றிச் சொன்னாள். சுற்றிலும் சிவந்த கோடு. உதடு வெடித்திருப்பதைச் சொன்னாள். "ஆறு ஓடுத ஊர்ல உதடு வெடிச்சிருக்கு டீச்சர்." மேல்கையின் உள்பக்கத்தில் நாலு நீலப் புள்ளி. "விழுந்தா முழங்கையில படும், முட்டில படும். இங்கன எப்படிப் படும்? இது பிடிச்ச பிடி." என் மேல்கையை நோக்கிக் கையை நீட்டியவள் நிறுத்தி, "தொடட்டுமா?" என்று கேட்டுவிட்டு, நாலு விரலை வைத்துக் காண்பித்தாள். அவள் விரல் அழுத்தவே இல்லை. ஆனாலும் எனக்கு உடம்பு கூசிற்று.

நான் என்ன செய்தேன்? சிஸ்டரைக் கேட்டேன். கள்ளியிடமே சாவியைக் கொடுத்துப் பெட்டியைப் பார்த்துச் சொல் என்ற மாதிரி. அவள் கண்ணில் உடனே தண்ணீர். "மாமி தூக்கத்துல கட்டில் கம்பியைப் பிடிச்சுண்டு இழுக்கறா. நான் பெத்த தாயார் மாதிரி பார்த்துக்கறேன். அந்த ராதாபுரத்தா என்னைப் பத்திக் கோள் சொல்றா. அவ இருக்கணும், இல்லே நான் இருக்கணும்." தம்பியிடம் சொன்னேன். "சிஸ்டர் நன்னாத்தானே பார்த்துக்கறா, படமெல்லாம் பார்க்கறேனே" என்றான்.

ராதாபுரத்தா தன் முறைக்கு வந்த ஞாயிறு அவளிடம் சொன்னேன். இந்த வாக்கியம் எனக்குக் கடைசி வரை மறக்காது. "உனக்கு எங்காத்துப் பழக்கம் தெரியாது. மடின்னா என்னன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் முகம் ஒன்றும் மாறவில்லை. 

"மடி தெரியாது டீச்சர். தொடாதே தெரியும். பொறந்ததுல இருந்து கேட்ட வார்த்தைல்லா அது. கிணத்தத் தொடாதே, செம்பத் தொடாதேன்னு சொல்லிச் சொல்லித்தான் எங்கள வளத்தாவ. அதுல எத்தன வகை உண்டுன்னு எனக்குத் தெரியும். வெறுத்துச் சொல்லுதது ஒண்ணு. வழக்கத்துக்குச் சொல்லுதது ஒண்ணு. பெரியம்மா சொல்லுதது அது ரெண்டும் இல்ல. பயந்து சொல்லுதாவ."

அதற்கும் நான் மசியவில்லை. அந்தத் தடவையோடு அவளை நிறுத்திவிட்டு, மாசம் முழுக்க சிஸ்டரையே வைத்துக்கொண்டேன். பையைத் தூக்கிக்கொண்டவள் அம்மா பக்கத்தில் போய், "பெரியம்மா, போயிட்டு வாரேன். தொடட்டுமா?" என்றாள். அம்மா தானே கையை நீட்டினாள். நான் வாசலில் நின்றுகொண்டு மணி பார்த்தேன். படியிறங்கும்போது என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சொன்னது வேறு.

"ஒரு நாள் சொல்லாம வாங்க டீச்சர். சனி ஞாயிறு வேண்டாம், ஒரு புதன்கிழமை வாங்க. வந்ததும் கூப்பிடாதிய. சன்னல் பக்கம் நின்னு கேளுங்க, போதும்."

அந்தப் புதன்கிழமை வர ஐந்து வாரம் ஆயிற்று. பரீட்சை என்றேன், விடைத்தாள் என்றேன். உண்மையான காரணம் அது இல்லை. அவள் சொன்னதற்காகப் போவதா என்ற வீம்பு.

போனேன். பகல் பதினொரு மணி. சன்னல் பக்கம் நின்றேன்.

"தொடாதே... தொடாதேடி... தொடாதே..."

"வாயை மூடு கிழமே!" சிஸ்டரின் குரல்தான். இந்தக் குரலில் மாமியும் இல்லை, தீர்த்தமும் இல்லை. பிறகு ஒரு அறை விழுந்த சத்தம். அதன் பிறகு அம்மா ஒன்றுமே சொல்லவில்லை.

உள்ளே ஓடினேன். போர்வையை இழுத்தேன். இரண்டு கையும் கட்டிலோடு கட்டியிருந்தது. கட்டியிருந்தது அம்மாவின் பழைய மடிப்புடவையிலிருந்து கிழித்த துணி. யாரும் தொடக்கூடாது என்று குச்சியால் எடுத்து வைத்த புடவை. தினமும் எனக்கு வந்த படங்களில் அம்மா ஏன் கழுத்துவரை போர்த்தியிருந்தாள் என்று அப்போது புரிந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதுதான். முடிச்சை அவிழ்க்கக் கையை நீட்டினேன். அம்மா என்னைப் பார்த்ததும் கட்டுக்குள்ளேயே கையை இழுத்துச் சொன்னாள், "தொடாதே."

அது எந்த வகை என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது.

சிஸ்டர் அரைமணியில் போய்விட்டாள். ராதாபுரத்தாவுக்குப் போன் செய்தேன். அழுகைதான் வந்தது. "நாளைக்கு முதல் பஸ்சுக்கு வாரேன்" என்றாள். வந்தாள். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததும், "அத அப்புறம் பாப்போம், பெரியம்மா தண்ணி குடிச்சாவளா?" என்று உள்ளே போய்விட்டாள். கட்டிலுக்கு ஒரு கை தூரத்தில் நின்று கேட்டாள். பதில் இல்லை. கால் மாற்றிக்கொண்டு நின்றாள். திரும்பக் கேட்டாள். மத்தியானம் ஆனபிறகு அம்மா கண்ணைத் திறந்து வெகுநேரம் அவளைப் பார்த்தாள். "ம்" என்றாள்.

அன்றைக்கு அம்மா அவள் கையால் முதலில் தண்ணீர்தான் குடித்தாள்.

"போலீசுல எழுதிக் குடுங்க" என்றாள் ராதாபுரத்தா, அடுத்த நாள். தம்பி வேண்டாம் என்று சொல்லியிருந்தான். நாலு பேர் நாலு விதமாப் பேசுவா, போனவ போயிட்டா, விடு என்று. எனக்கும் உள்ளுக்குள் அதுதான். பெற்ற தாயைக் கட்டிப்போட்டது தெரியாமல் இருந்தவள் என்று ஊர் சொல்லுமே.

"போனவ எங்க போவா டீச்சர்? இன்னொரு வீட்டுக்குத்தான் போவா. அங்கனயும் ஒரு பெரியம்மா படுத்திருப்பாவ. நீங்க எழுதாட்டா நான் எழுதுவேன். எனக்கு எழுத வராது. நான் சொல்லுதேன், நீங்க எழுதுங்க."

அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எந்தத் தேதியில் எந்தக் கையில் என்ன நிறத்தில் கன்றியிருந்தது, எத்தனை நாளில் மஞ்சளாயிற்று, எத்தனை நாளில் மறைந்தது என்று எல்லாம் அவளிடம் இருந்தது. ஏஜென்சியில் மூன்று முறை சொன்னாளாம். "உனக்கெதுக்கு ஊர் வம்பு" என்றார்களாம். டாக்டரை வரவழைத்து எழுதி வாங்கி, இரண்டையும் ஸ்டேஷனில் கொடுத்தோம். விசாரித்ததில் இன்னும் இரண்டு வீட்டுச் சமாசாரம் வெளியே வந்தது. அந்த வீட்டுக்காரர்களும் என்னை மாதிரியே, அம்மாவுக்கு வயசாச்சு, உளறுகிறாள் என்று நினைத்திருந்தார்கள்.

அம்மா அதற்குப் பிறகு நாலு மாசம் இருந்தாள். நான் நீண்ட லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தேன். ராதாபுரத்தாவின் கை பட்டால் அமைதியாக இருப்பாள். அவள் கொடுத்த கருப்பட்டியைச் சப்பிக்கொண்டு ஒருநாள் சிரிக்கவும் சிரித்தாள். நான் போனால் மட்டும், "தொடாதே." யார் என்று தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா, யாருக்குத் தெரியும்? கையைக் கட்டியவளை வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டது நான்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தால், அதில் என்ன தப்பு?

"கேட்டுட்டுத் தொடுங்க டீச்சர். கேட்டுட்டு நில்லுங்க. அவசரப்படாதிய" என்பாள் ராதாபுரத்தா.

கேட்டேன். ஒரு கை தூரத்தில் நின்றேன். "அம்மா, தொடட்டுமா?" ஒவ்வொரு நாளும் கேட்டேன். எனக்கு அந்த "ம்" ஒருநாளும் வரவில்லை.

ஒரு காலையில் அம்மா போய்விட்டாள். சொந்தக்காரர்கள் வந்தார்கள். குளிப்பாட்ட வேண்டிய நேரத்தில் ராதாபுரத்தா வழக்கம்போல் முன்னால் வந்தாள். சித்தி கையைக் காட்டி நிறுத்தினாள். "நீ தள்ளி நில்லும்மா. இனிமே வெளி மனுஷா தொடப்படாது." நான் வாயைத் திறந்தேன். சித்தி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியது முழுக்கப் பொய்யாகிவிடும். நாங்கள் ஒன்றும் பார்ப்பதில்லை என்று அவளிடம் சொன்னவள் நான்தானே?

அவள் கொல்லைவாசலில் போய் நின்றுகொண்டாள். சித்தி செம்பில் தண்ணீரை மொண்டு என் கையில் கொடுத்தாள். நான் குனிந்தேன்.

"டீச்சர்..." என்று அங்கேயிருந்து குரல் வந்தது. "கேட்டுட்டு."

செம்பைக் கீழே வைத்தேன். ஒரு கை தூரம் பின்னால் வந்து நின்றேன்.

"அம்மா, தொடட்டுமா?"

"பைத்தியமாடி உனக்கு? நாழியாறது" என்றாள் சித்தி. நான் நகரவில்லை. ராதாபுரத்தா எவ்வளவு நேரம் நிற்பாளோ அவ்வளவு நேரம் நின்றேன்.

இந்தத் தடவை அம்மா, தொடாதே என்று சொல்லவில்லை.